நிலமும் பொழுதும் அறிந்த மாடம்

செய்யுளைத் திறனாய்வது போலக் கட்டடத்தையும் திறனாயலாமோ என்று வினவுவார் உளர். ஆயலாம் என்பதே என் விடை. செய்யுள் சொல்லால் ஆனது. கட்டடம் செங்கல்லாலும் இரும்பாலும் ஆனது. எனினும் இரண்டும் ஒருவர் கருத்தில் தோன்றிப் பலர் வாழ்வில் சென்று சேர்வன. பிடிக்காத செய்யுளை மூடி வைத்துவிடலாம். பிடிக்காத கட்டடத்திலோ நாள்தோறும் எட்டு மணி நேரம் அமர்ந்து பணியாற்ற வேண்டியிருக்கிறது. அதன் மின்கட்டணத்தையும் மாதந்தோறும் செலுத்த வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி மிகச் சிறியது. கிள்ளான் வட்டாரத்தில் நான் உறுப்பினனாக உள்ள சங்கம் ஒன்று, தனக்கெனச் சொந்தமாக நான்கு மாடி அலுவலகக் கட்டடம் எழுப்ப முடிவு செய்தது. சங்கத்தின் பெயர் ஈண்டு வேண்டா. கீழே மண்டபம், அதற்கு மேல் நூலகமும் அலுவலகமும், மேலிரு மாடிகள் வாடகைக்கு என்பது திட்டம். பொதுக்கூட்டத்தன்று வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தனர். கட்டடத்தின் முகப்பு முழுவதும் கண்ணாடி. அதன்முன் இரண்டு கார்கள், ஒரு பனை, வானத்தில் பறவைகள். எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அப்போது முன்னாளில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இந்தப் படத்தில் மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மேடையிலிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "அதையெல்லாம் கட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் அம்மா" என்றார் தலைவர். செயலாளர் சற்றுத் துணிந்து, "நாம் போடப்போவது பச்சைக் கண்ணாடி, இது பசுமைக் கட்டடம்" என்று சேர்த்துச் சொன்னார்.

சிரிப்பதற்குரிய விடைதான். ஆயினும் அன்றிரவு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கட்டடத்திற்கெனத் திரட்டிய பணம் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் பத்து வெள்ளியும் ஐம்பது வெள்ளியுமாகக் கொடுத்தது. தமிழாசிரியன் நான், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன். மேற்கு எந்தப் பக்கம் என்னும் வினா என் வாயிலிருந்தன்றோ வந்திருக்க வேண்டும்?

தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற்குரிய மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மக்களின் ஒழுகலாறு உரிப்பொருள். அப்பகுப்பு பாட்டுக்கு உரியது, கட்டடத்துக்கு உரியதன்று என்பதை அறிவேன். எனினும் நம் நாட்டில் அண்மைக் காலத்தில் எழுந்த அலுவலக மாடங்களை மதிப்பிட இதனைவிட நேரான அளவுகோல் எனக்குக் கிட்டவில்லை. கட்டடம் தான் நிற்கும் நிலத்தையும் அந்நிலத்துப் பொழுதையும் அறிந்திருக்கிறதா? அவ்விடத்து மரத்துக்கும் மழைக்கும் காற்றுக்கும் அதில் இடமுண்டா? அதனுள் இருப்போர் எவ்வாறு ஒழுகுகின்றனர்? இம்மூன்று வினாக்களே போதும்.

முதற்பொருளை முதலில் காண்போம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையளவில் உள்ளது. ஆண்டின் ஒரு பாதியில் ஞாயிறு நம் தலைக்கு வடக்கேயும் மறுபாதியில் தெற்கேயும் செல்கிறது. மார்ச்சு மாத இறுதியிலும் செப்டம்பர் மாத நடுவிலும் உச்சிப்பொழுதில் நட்ட கோலுக்கு ஏறத்தாழ நிழலே இராது. ஆதலின் நண்பகல் வெயில் கூரைக்கு உரியது. காலை வெயில் கீழைச் சுவரையும் மாலை வெயில் மேலைச் சுவரையும் தாழ்வாக வந்து தாக்கும். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் ஒப்பளவில் தப்பிக்கும். பகலில் வெப்பம் 32, 33 பாகையை எட்டும். இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. ஆண்டில் 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்றில் ஈரம் மிகுதி. காற்றின் விரைவோ குறைவு. குறிஞ்சிக்குக் கூதிரும் பாலைக்கு வேனிலும் வகுத்த நம் இலக்கணத்தார் இந்நிலத்தைக் கண்டிருந்தால், ஆண்டு முழுதும் ஒரே பெரும்பொழுது என்று எழுதியிருப்பர்.

இவ்வறிவு புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை எழுப்பிய முறையைச் சொல்கிறார். இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற் பொழுதை நோக்கி, நூலறிந்தோர் நுண்ணிதாகக் கயிறு பிடித்துத் திசை குறித்தபின் மனை வகுத்தனர் என்பது அவர் காட்டும் செய்தி. அப்பாட்டிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. வேனிற்காலத்தில் தென்றல் வருவதற்கென அமைத்த மேன்மாடத்துப் பலகணியை, வாடைக்காலமாதலின் தாழிட்டு வைத்தனர் என்கிறார். கோடைக்கு ஒரு சாளரம், குளிருக்கு ஒரு கதவு என்று இருந்த மனை அது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளின் சாளரத்திற்குக் காலதர் என்னும் சொல் வழங்குகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒரு சொல்லுக்குள்ளேயே அப்பொருளின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்றைய உயர்மாடங்களின் கண்ணாடிச் சுவருக்கு இச்சொல்லை ஆள முடியுமா? அது திறவாது, காற்றுக்கு அங்கு வழியில்லை.

நம் கோலாலம்பூருக்கும் இத்தகைய பழைய அறிவு உண்டு. 1881-இல் தீயும் பின்னர் வெள்ளமும் அழித்த மரவீட்டு ஊரை, செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட வேண்டுமென 1884-இல் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அச்செங்கல்லைச் சுட்ட களங்கள் இருந்தமையால்தான் பிரிக்பீல்ட்ஸ் அப்பெயர் பெற்றது. அன்று எழுந்த கடைவீடுகளின் முன்னே ஐந்தடி இருந்தது. வெயிலிலும் மழையிலும் நடப்போர்க்கு நிழல்; கடையின் முகப்புச் சுவருக்கும் நிழல். பூக்கட்டுவோரும் கிளி சோதிடரும் அமர்ந்து பிழைக்க இடமும் அதுவே. 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாது கட்டடம் அரசு அலுவலகமாக எழுந்தது. அதன் கவிகைமாடங்களையும் மணிக்கூண்டையும் சுற்றுலா வருவோர் படம் எடுக்கின்றனர். நான் நோக்குவது அதன் வளைவுகளுக்குப் பின்னே ஓடும் அகன்ற தாழ்வாரத்தை. குளிரூட்டும் பொறி இல்லாத நாளில் எழுத்தர்கள் கோப்பெழுத முடிந்தது அத்தாழ்வாரத்தின் நிழலால்.

பழையது எல்லாம் நன்று என்று சொல்ல வந்தேனல்லேன். நான் பிறந்தது ஒரு தோட்டத்து லயத்தில். தகரக்கூரை; உட்கூரை கிடையாது. பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. அம்மா எங்களை ரப்பர் மரத்தடிக்கு ஓட்டிவிடுவார். அதே தோட்டத்தில் அரை மைல் தொலைவில் துரை வீடு இருந்தது. உயர்ந்த கூரை, நாற்புறமும் தாழ்வாரம், மேற்கே நிழல் மரங்கள். இரண்டையும் கட்டியவர் ஒரே நிறுவனத்தார். இந்நிலத்து வெயிலை அவர்கள் அறியாதவரல்லர். அறிந்ததை யாருக்குக் கொடுப்பது என்பதிலேதான் வேறுபாடு இருந்தது. பசுமைக் கட்டடம் பற்றி யார் பேசினாலும் அந்த இரண்டு கூரைகளும் என் கண்முன் வந்து நிற்கின்றன.

குளிரூட்டும் பொறி பெருகியபின் கட்டடக்கலைஞர் நிலத்தையும் பொழுதையும் மறக்கலாயினர். குளிர்நாட்டில் வெயிலை உள்ளே வரவேற்பதற்குப் பயன்பட்ட கண்ணாடிப் பெட்டி, வெயிலை அஞ்சவேண்டிய நாட்டிலும் அப்படியே வந்து நின்றது. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 1984-இல் முடிந்த டாயாபூமியின் வெண்ணிறத் துளைச்சட்டம் இசுலாமியக் கோலமாகவும் வெயில்மறைப்பாகவும் ஒருங்கே பயன்படுகிறது. அணியும் பொருளும் ஒன்றான இடம் என்று அதனைக் கூறலாம்.

இவ்வரலாற்றில் தனித்து எண்ணத்தக்கது சுபாங் ஜெயாவிலுள்ள மெனாரா மெசினியாகா. மெனாரா என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கோபுரம் என்பது பொருள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் தொடர்வண்டியில் ஏறிச் சுபாங் ஜெயாவில் இறங்கினால் நடந்தே சென்று காணலாம். கணினித் துறை நிறுவனமாகிய மெசினியாகாவின் தலைமையகமாக 1992-இல் முடிந்தது. பதினைந்து மாடிகள், இன்றைய அளவில் சிறியதுதான். அதை வடிவமைத்தவர் பினாங்கில் 1948-இல் பிறந்த கென் இயாங். இயற்கைச் சூழலையும் கட்டடத்தையும் இணைத்துக் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1980களில் அம்பாங்கில் தமக்கென ஒரு வீடு கட்டி, அதன் கூரைக்கு மேல் குடைபோல் இன்னொரு கூரையிட்டு, வெயிலும் காற்றும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று பார்த்தவர். மெசினியாகா 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

முதல் தோற்றத்தில் அது சற்று விந்தையாகத்தான் இருக்கிறது. வட்ட வடிவம், வெளியே தெரியும் எஃகுத் தூண்கள், உடலை யாரோ இங்குமங்கும் செதுக்கி எடுத்ததுபோல் பள்ளங்கள். அடியில் மண்மேடு ஒன்றை எழுப்பிச் செடி வைத்திருக்கின்றனர். மேட்டிலிருந்து தொடங்கும் பசுமை, பள்ளங்களில் அமைந்த மாடித்தோட்டங்கள் வழியாகச் சுருள்சுருளாக மேலேறுகிறது. உச்சியில் நீச்சல்குளம், அதன்மேல் எஃகுச் சட்டத்தாலான நிழற்கூரை. பின்னாளில் ஞாயிற்றொளி மின்தகடுகள் பொருத்துவதற்கு அச்சட்டத்தில் இடம் விடப்பட்டது. 1992-இல் இதனை எண்ணியது பாராட்டத்தக்கது.

இத்தோற்றத்தில் எது பொருள், எது அணி என்று பிரித்துப் பார்ப்பதே திறனாய்வாளன் பணி. நான் முதலிடம் தருவது தோட்டத்துக்கு அன்று. கிழக்கிலும் மேற்கிலும் சுவருக்கு வெளியே நிற்கும் அலுமினிய வெயில்தடுப்புப் பட்டைகளுக்கு. காரணம் எளிது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்டால், உள்ளிருக்கும் பொருள்களில் பட்டு வெப்பமாகி, வெளியேற வழியின்றித் தங்கிவிடும். நண்பகலில் திடலில் நிறுத்திய காரின் உட்புறத்தை எண்ணிப் பார்க்க. அதன்பின் உள்ளே திரையிடுவது கள்வன் புகுந்தபின் கதவடைப்பதை ஒக்கும். தடுப்பு வெளியே நிற்க வேண்டும். வெயில் அதிகம் தாக்காத வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடிச் சுவர் தடுப்பின்றியே இருக்கிறது. தேவையுள்ள பக்கத்தில் மட்டும் பட்டை. தேவையற்ற பக்கத்தில் இல்லை. கட்டடம் தன் திசையை அறிந்திருக்கிறது. சங்கக் கூட்டத்தில் என் மாணவி கேட்ட வினாவுக்கு இக்கட்டடத்தின் தோலே விடை சொல்கிறது.

இரண்டாவது சிறப்பு இதனினும் நுண்ணியது. பெரும்பாலான உயர்மாடங்களில் மின்தூக்கியும் மாடிப்படியும் கழிப்பறையும் நடுவே, இருண்ட வயிற்றில் அடைபட்டுக் கிடக்கும். அவற்றுக்குப் பகலிலும் விளக்கும் காற்றுப்பொறியும் வேண்டும். கென் இயாங் அவற்றைக் கிழக்கு விளிம்புக்குக் கொண்டுவந்தார். ஒன்று, அப்பெருஞ்சுவர் காலை வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. மற்றொன்று, மின்தூக்கி முன்றிலுக்கும் படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் இயற்கை ஒளியும் காற்றும் நேரே வருகின்றன. இதனைப் படித்தபோது எனக்கு லயத்து வீடும் துரை வீடும் நினைவுக்கு வந்தன. அலுவலகத்தில் கழிப்பறையைத் தூய்மை செய்யும் அம்மையார்தான் அங்கே நெடுநேரம் நிற்பவர். படிக்கட்டு வழியே ஏறியிறங்குபவர் காவலர். இக்கட்டடத்தில் காலதர் முதலில் அவர்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டடக்கலைஞர் இதனை எண்ணிச் செய்தாரோ, மின்செலவை எண்ணிச் செய்தாரோ, அறியேன். விளைவு ஒன்றே.

இனிக் குறைகள். வட்டம் திசை அறியாத வடிவம். எப்பக்கமும் அதற்கு ஒன்றே. இந்நிலத்து ஞாயிறோ கிழக்கையும் மேற்கையும் வேறாக நடத்துகிறது. கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கும் தெற்கும் நோக்கி முகம் விரித்த மெல்லிய கட்டடமாக இருந்திருந்தால், வெயில் தாக்கும் சுவர் இயல்பாகவே சுருங்கியிருக்கும். வட்டத்தைத் தேர்ந்தபின் அதன் பிழையைப் பட்டைகளால் திருத்த வேண்டியதாயிற்று. தளையைத் தட்டவிட்டு அசையால் சரிக்கட்டும் புலவன் செயல் போன்றது இது. வட்டத்தின் சார்பிலும் சொல்வதற்கு உண்டு: ஒரே பரப்புள்ள தளத்துக்கு மிகக் குறைந்த வெளிச்சுவர் வட்டத்துக்குத்தான் போதும். ஆயினும் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணைக் கவர வேண்டும் என்னும் ஆசையும் அவ்வடிவத்துக்குக் காரணமாயிருக்கலாம் என்பது என் ஐயம்.

மாடித்தோட்டங்களைப் பற்றி என் மனம் இன்றும் இருபாற்படுகிறது. அவை கண்ணாடியை உள்வாங்கச் செய்து நிழல் தருகின்றன, அவ்வகையில் பொருள். நகரத்தின் நடுவானில் ஒரு முற்றம் என்பது அழகிய கருத்து. தரையிலுள்ள செடியை அலுவலரின் மேசைக்கு அருகே கொண்டுசெல்வது கருப்பொருளை உரிப்பொருளோடு சேர்ப்பது போலாகும். ஆனால் அலுவலக அறை குளிரூட்டப்பட்டது. தோட்டத்துக்குச் செல்லும் நெகிழ்கதவைத் திறந்தால் குளிர் வெளியே போகும், ஈரக்காற்று உள்ளே வரும். ஆகவே அக்கதவு திறப்பதற்கென அமைந்தும் மூடியிருப்பதே முறையாகிவிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு 24 பாகையிலிருந்து 33 பாகைக்கு யார் விரும்பிச் செல்வார்? நெடுநல்வாடையின் பலகணி வாடையில் மூடித் தென்றலில் திறந்தது. நமக்குத்தான் ஒரே பெரும்பொழுதாயிற்றே. இக்கதவு எப்போது திறப்பது? கென் இயாங்கே இவ்வினாவை உணர்ந்திருக்க வேண்டும். 1998-இல் பினாங்கில் முடிந்த மெனாரா அம்னோவில் காற்றைப் பிடித்து உள்ளே செலுத்தும் இறக்கைச் சுவர்களை அவர் அமைத்தார்.

மெசினியாகாவை மதிப்பிட்டுச் சொல்வதாயின், முதற்பொருள் அறிந்த கட்டடம். கருப்பொருளை விரும்பிய கட்டடம். உரிப்பொருளைப் பாதியில் விட்ட கட்டடம் என்பேன். எனினும் அதற்குப் பின் வந்தோர்க்கு அது ஓர் இலக்கணம் வகுத்தது.

பின் வந்தவற்றுள் அரசு எழுப்பியவை புத்ராஜெயாவிலும் பாங்கியிலும் உள்ளன. 2004-இல் டென்மார்க்கு நாட்டின் துணையுடன் எரிசக்தி அமைச்சுக்கெனக் குறைமின் அலுவலகம் ஒன்று எழுந்தது. 2007-இல் பாங்கியில் மலேசிய எரிசக்தி மையத்தின் அலுவலகம் கூரையெல்லாம் மின்தகடு அணிந்து வந்தது. இவற்றை அடுத்து 2010-இல் புத்ராஜெயாவில் முடிந்த எரிசக்தி ஆணையத் தலைமையகம், வைரக் கட்டடம் என்று மக்கள் வழங்குவது, சற்று நின்று பார்க்கத்தக்கது.

அது தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்றது. மேல்மாடி கீழ்மாடியைவிட அகன்றது. சுவர்கள் 25 பாகை வெளிநோக்கிச் சாய்ந்துள்ளன. உயர்ந்த ஞாயிறு நம்முடையதாதலின், ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழுள்ள மாடிக்குக் குடை பிடிக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் இவ்வுத்தி முழுமையாகப் பயன்படும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்த வெயிலை ஓரளவே தடுக்கும். உள்ளே நடுமுற்றம் ஒன்றுண்டு. பகலொளி அவ்வழியே கீழிறங்குகிறது. சாளரத்தருகே பதித்த ஒளிப்பலகைகள் வெளிச்சத்தை உட்கூரையில் தெறிக்கச் செய்து அறையின் உட்பகுதிக்கு அனுப்புகின்றன. தளத்துக் காங்கிரீட்டுக்குள் குழாய்கள் புதைத்து, இரவில் அவற்றில் குளிர்நீர் ஓட்டுகின்றனர். இரவெல்லாம் குளிர்ந்த தளம் பகலில் மெல்ல மெல்ல அக்குளிரைத் திருப்பித் தருகிறது.  கூரையில் விழும் மழைநீரும் சேர்த்துவைத்துப் பயன்படுகிறது.

பயன் என்ன? மலேசியாவில் வழக்கமான அலுவலகக் கட்டடம் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டில் ஏறத்தாழ 210 யூனிட் மின்சாரம் உண்ணும் என்பது கணக்கு. வைரக் கட்டடத்துக்கு 85 என்று திட்டமிட்டனர். பயன்பாட்டில் ஏறத்தாழ 65 ஆயிற்று. மூன்றில் ஒரு பங்கு! பசுமை என்னும் அடைமொழியைப் பலரும் இன்று வெற்றெச்சமாக ஆள்கின்றனர்; இங்கு அவ்வடைமொழிக்கு எண்ணால் ஆன பொருள் இருக்கிறது. 2009-இல் பசுமைக் கட்டடக் குறியீடு இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின் சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் பல. சான்றிதழைச் சுவரில் மாட்டுவோர் அதனருகே சென்ற ஆண்டின் மின்கட்டணத்தையும் மாட்டினால் நமக்குத் திறனாய்வு எளிதாகும்.

வடிவத்தைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவில்லை. வைரம் என்று எல்லாரும் சுட்டிக்காட்டும் அவ்வுருவம், சொல்லவந்த கருத்தை உரக்கச் சொல்கிறது. குடைபோல் நீண்ட கூரையும் ஆழ்ந்த தாழ்வாரமும் அதே நிழலை அமைதியாகத் தரவல்லன. ஆனால் இஃது என் சுவையின் தன்மையாகவும் இருக்கலாம். இளைஞர் பலர் அவ்வுருவைக் கண்டே இத்துறையில் ஆர்வம் கொள்கின்றனர் என்றால் நான் வாய்மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

உரிப்பொருள் பற்றிய ஒரு செய்தியை விட்டுவிடலாகாது. நம் அலுவலகங்களில் பெண்கள் நாற்காலியின் முதுகில் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டி வைத்திருப்பதைக் காணாதார் யார்? வெளியே 33 பாகை வெயில். உள்ளே மார்கழிக் குளிர். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த மேலாளருக்கு ஏற்பக் குளிரை வைத்துவிட்டு, சேலையும் பாஜு கூரோங்கும் அணிந்தோரைக் கம்பளி போர்த்தச் செய்கிறோம். 2011-இல் அரசு அலுவலகங்களில் குளிரூட்டியை 24 பாகைக்குக் கீழே வைக்கலாகாது என்று ஆணை பிறந்தது. செலவில்லாத சீர்திருத்தம் அது. கட்டடக்கலைஞர் எவ்வளவு வருந்தி வெயிலைத் தடுத்தாலும், உள்ளிருப்பவர் 19 பாகைக்குப் பொத்தானை அழுத்தினால் அத்தனையும் வீண். ஒழுக்கம் பிழைத்தால் திணை மயங்கும்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றியும் ஒரு சொல். அங்குள்ள சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறந்தபின் அதனைச் சுற்றிக் கண்ணாடி மாடங்கள் பல எழுந்தன. அவற்றுள் பசுமைச் சான்று பெற்றனவும் உண்டு. தொடர்வண்டியில் வந்து இறங்கி நடந்தே அலுவலகம் செல்லலாம் என்பது அவற்றின் பெருஞ்சிறப்பு; கார் ஓட்டிச் செல்லும் இடத்திலுள்ள கட்டடம் எத்துணைப் பசுமையாயினும் இந்நன்மையை ஈடுசெய்தல் அரிது. அதே பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டிய நூறு வீடுகள் இருந்தன. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அவை இடிபட்டுப் போயின. செங்கல்லைச் சுட எரித்த விறகும், சுமந்த தோளும், நூறாண்டு நின்ற சுவரும் மண்ணாயின. புதிய கட்டடத்தின் மின்கணக்கைப் போடுவோர், இடித்த கட்டடத்தின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுகின்றனர் என்பது எனக்கு விளங்கவில்லை.

மீண்டும் எங்கள் சங்கத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்திற்கு அம்மாணவி தானே ஒரு கோட்டுப்படம் வரைந்து வந்தாள். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டியிருந்தாள். மாடிப்படியும் கழிப்பறையும் மின்தூக்கியும் மேற்கு முனையில், அலுவலகச் சாளரங்கள் வடக்கிலும் தெற்கிலும், ஒவ்வொரு மாடிக்கும் ஆறடித் தாழ்வாரம், தரையில் ஐந்தடி. பொருளாளர் உடனே கணக்குப் போட்டார். தாழ்வாரத்தால் வாடகைக்குரிய பரப்புக் குறைகிறது என்றார். உண்மைதான், குறைகிறது. மின்கட்டணத்தில் அது திரும்பி வரும் என்றாள் அவள். எத்தனை ஆண்டில் என்றார் அவர். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கண்ணாடி முகப்பு இல்லாவிட்டால் நன்கொடையாளர் முகம் சுளிப்பர் என்றார் ஒருவர். இதற்கு மட்டும் யாரிடமும் எண்ணால் ஆன விடை இல்லை.

முடிவு எட்டாமல், அடுத்த சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு எல்லாரும் மனைக்கே சென்று பார்ப்பதென்று கலைந்தோம். சென்றோம். என் மாணவி மூங்கில் கோல் ஒன்றை நட்டு வைத்திருந்தாள். அதன் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. முகப்புக் கண்ணாடி வரவேண்டிய இடத்தில் தலைவர் இரண்டு நிமிடம் நின்றார். பின் கைக்குட்டையை எடுத்தார். மனையின் மேற்கு ஓரத்தில் பழைய தூங்குமூஞ்சி மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கிறது. வண்ணப்படத்தில் அது இல்லை; அதன் இடத்தில்தான் இரண்டு கார்களை வரைந்திருந்தனர். பேச்சுத் தொடங்கிய சிறிது நேரத்தில், யாரும் சொல்லாமலே எல்லாரும் அம்மரத்தடிக்குச் சென்றுவிட்டிருந்தோம். பொருளாளர் நிமிர்ந்து கிளைகளைப் பார்த்தவாறு, "இதை வெட்டாமல் கட்ட முடியுமா அம்மா?" என்று கேட்டார். அவள் படத்தை விரித்து, மரத்துக்கு அவள் விட்டிருந்த வட்டத்தைக் காட்டினாள்.